செத்த போர்டும் தமிழ் எம்.ஏ.வும்

தில்லி நேரு பிளேஸில் லேப்டாப் பழுது பார்ப்பவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒரு வகை 'கார்டு லெவல்'. இன்னொன்று 'சிப் லெவல்'. கார்டு லெவல் என்றால் கெட்டுப்போன பாகத்தைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டுவது. ராம் போனால் ராம், ஹார்டு டிஸ்க் போனால் ஹார்டு டிஸ்க், மதர்போர்டு போனால் மதர்போர்டு. ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிந்த எவரும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். சிப் லெவல்காரர்கள் வேறு ரகம். உயிர் போன மதர்போர்டை மேஜையில் கிடத்தி, அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஆயிரத்துக்கும் அதிகமான உதிரிகளில் செத்தது எது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் எடுத்துவிட்டு வேறு வைப்பவர்கள். துணிக்கடைகளையும் டோனர் விற்கும் பையன்களையும் தாண்டி, பேஸ்மென்ட் படிகளில் இறங்கினால் இவர்கள் இருப்பார்கள். பத்தடிக்கு எட்டடி அறை, நாலு மேஜை, சுவர் முழுக்கக் குப்பை போர்டுகள், காற்றில் எப்போதும் பேஸ்ட் புகையும் வாசனை.

அப்படிப்பட்ட ஓர் அறையில் இரண்டரை ஆண்டுகளாக, வாரத்துக்கு மூன்று மதியங்கள் உட்கார்ந்திருக்கிறேன். வயது 46. படித்தது தமிழ் இலக்கியம். பிழைப்பு, ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பு.

போய்ச் சேர்ந்த கதை சுருக்கமானது. என் லேப்டாப் ஒரு காலையில் எழுந்திருக்கவில்லை. அதைத் தயாரித்த கம்பெனியின் சர்வீஸ் சென்டரில், "மதர்போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும், 41,000 ரூபாய்" என்றார்கள். என்ன போயிற்று என்று கேட்டேன். "போர்டு" என்றார் கவுன்டர் பெண். போர்டில் என்ன? "போர்டுதான் மேடம்." நேரு பிளேஸில் ஒருவர் அதை 40 நிமிடத்தில் சரிசெய்தார். கூலி 1,800 ரூபாய். பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்த என்னிடம், "சாப்பாடு வாய் வரை வந்துவிட்டது, தொண்டைக்குள் இறங்கவில்லை" என்று இந்தியில் சொன்னார். சார்ஜர் செருகும் துளைக்கு அடுத்தாற்போல், மின்சாரத்தை உள்ளே விடும் வாயிற்காவலன் மாதிரி ஒரு மாஸ்ஃபெட் உண்டு. எட்டுக் கால், அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிது. அது கருகியிருந்தது. புதிதின் விலை 30 ரூபாய்.

நாற்பத்தோராயிரத்துக்கும் முப்பதுக்கும் நடுவே இருந்த தூரம் என்னைத் தூங்கவிடவில்லை என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதி வேறு. 2023க்குப் பிறகு எனக்கு வரும் மொழிபெயர்ப்பு வேலைகளில் பெரும்பகுதி மெஷின் செய்து தள்ளியதைத் திருத்துவதாக மாறிவிட்டது. வார்த்தைக்கு இத்தனை என்ற கணக்கு பாதிக்கும் கீழே இறங்கியது. திருத்தியது சரிதானா என்று கேட்கவும் ஆளில்லை. கையால் தொட்டு, சரியா தவறா என்று அன்றைக்கே தெரிந்துகொள்ளக்கூடிய ஏதாவதொன்றைச் செய்ய வேண்டும் போலிருந்தது.

அங்கே எல்லோரும் அவரை உஸ்தாத் என்றுதான் கூப்பிடுகிறார்கள். மேற்கு உத்தரப் பிரதேசத்துக்காரர். 58 வயது. டிரான்சிஸ்டர் ரேடியோவில் தொடங்கி, டி.வி., வி.சி.ஆர். வழியாக இங்கே வந்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. கற்றுத்தர வேண்டும் என்று நான் கேட்டபோது சிரிக்கவில்லை. "தீதி, ஃபீஸ் வேண்டாம். இங்கிலீஷ் காகிதங்களைப் படித்து இந்தப் பையன்களுக்கு இந்தியில் சொல்வீர்களா?" என்றார். காகிதங்கள் என்று அவர் சொன்னது டேட்டா ஷீட்டுகளை. ஒவ்வொரு சிப்புக்கும் அதைச் செய்தவர்கள் ஐம்பது, அறுபது பக்கத்துக்கு எழுதிவைத்திருக்கும் குணநலன் அறிக்கை. ஒப்பந்தம் அப்படித்தான் ஆயிற்று.

முதல் மூன்று மாதம் சால்டரிங் அயர்னைத் தொட விடவில்லை. மீட்டரைப் படிப்பதுதான் வேலை. செத்த போர்டு வந்ததும் அதன் சார்ஜரை ஓரமாக வைத்துவிட்டு, பெஞ்ச் பவர் சப்ளையில் 19 வோல்ட் வைத்துக் கொடுப்பார்கள். போர்டு எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்பதுதான் அதன் நாடி. முள் அசையவேயில்லை என்றால் மின்சாரம் உள்ளே போகவில்லை, வாசலில்தான் தகராறு. 0.02 மாதிரி ஏதாவது காட்டினால் போர்டு தூங்குகிறது, எழுப்பிப் பார்க்கலாம். செருகிய மறுகணமே சப்ளை வோல்டேஜ் சரிந்து ஆம்பியர் எகிறினால் எங்கோ ஷார்ட். பவர் பட்டனை அழுத்தியதும் கொஞ்சம் ஏறிச் சட்டென்று இறங்கினால், எழுந்திருக்க முயன்று நடுவில் எதுவோ காலை வாருகிறது. வாதம், பித்தம், கபம் என்று நாடி பிடித்துச் சொன்ன வைத்தியர்களைப் பற்றி எனக்கு எப்போதும் கொஞ்சம் சந்தேகம் உண்டு. உஸ்தாதைப் பார்த்த பிறகு அந்தச் சந்தேகம் குறைந்திருக்கிறது.

போர்டு ஏன் எழுந்திருக்கவில்லை என்று புரிய, அது எப்படி எழுந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். தில்லியில் இருபது ஆண்டு குப்பை கொட்டிய எனக்கு இது எளிதாகப் புரிந்தது. மத்திய அரசுச் செயலகத்தில் கோப்பு நகர்வதைப் போலத்தான். 19 வோல்ட் உள்ளே வந்ததும் முதலில் 3 வோல்ட், 5 வோல்ட் என இரண்டு சப்ளைகள் விழித்துக்கொள்ளும். லேப்டாப் 'ஆஃப்' ஆகியிருக்கும்போதும் இவை விழித்தபடியே இருக்கும். அதில் உயிர் பிடிப்பது கீபோர்டையும் பட்டனையும் சார்ஜிங்கையும் மேய்க்கும் சின்னக் கன்ட்ரோலர். பட்டனை அழுத்தினால் அது சிப்செட்டுக்குத் தகவல் சொல்லும். சிப்செட் 'தூக்கம் கலையலாம்' என்று ஒவ்வொரு படியாக அனுமதி கொடுக்கும். ராமுக்கு உரிய வோல்டேஜ், பிறகு மற்றவை, கடைசியில் பிராசஸருக்கு ஒரு வோல்ட் சுமாருக்கு. ஒவ்வொரு பிரிவும் 'என் வேலை முடிந்தது' என்று 'பவர் குட்' என்கிற கையெழுத்தைப் போட வேண்டும். ஒரு மேஜையில் கையெழுத்து விழாவிட்டால் அடுத்த மேஜைக்குக் கோப்பு போகாது. எல்லாக் கையெழுத்தும் விழுந்த பிறகே ரீசெட் விலகி, பிராசஸர் கண்ணைத் திறந்து பயாஸ் சிப்பில் முதல் வரியைப் படிக்கும். இத்தனையும் நடந்து முடிய ஒரு நொடிகூட ஆகாது. சிப் லெவல் வேலை என்பது கோப்பு எந்த மேஜையில் நின்றுவிட்டது என்று மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு தேடுவது.

இதற்கு ஸ்கிமாட்டிக் வேண்டும். அதாவது போர்டின் முழு மின்சுற்று வரைபடம், ஐம்பதிலிருந்து நூறு பக்கம். நாம் கடையில் வெவ்வேறு பெயர் பார்த்து வாங்கும் லேப்டாப்புகள் பலவற்றின் போர்டுகளை வடிவமைத்துத் தருவது காம்பல், குவான்டா, விஸ்ட்ரான் போன்ற தைவான் கம்பெனிகள். போர்டின் ஓரத்தில் 'எல்.ஏ.' என்று தொடங்கும் எண் இருந்தால் காம்பல், 'டி.ஏ.' என்றால் குவான்டா. பிராண்டைவிட இந்த எண்ணுக்குத்தான் நேரு பிளேஸில் மதிப்பு. வரைபடத்தைப் பெரும்பாலான கம்பெனிகள் வெளியில் தருவதில்லை. கசிந்த பிரதிகள் பென் டிரைவில் கைமாறுகின்றன. சட்டப்படி இது சங்கடமான இடம் என்பது தெரியாமலில்லை. ஆனால் வாங்கிய பொருளின் வரைபடம் வாங்கியவருக்குக் கிடையாது என்கிற ஏற்பாட்டை என்னால் மரியாதையோடு பார்க்க முடியவில்லை. 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமை பற்றிய விதிமுறைகளை வகுக்க ஒரு குழு அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளமும் தொடங்கினார்கள். பேஸ்மென்டுக்குள் அதன் காற்று இன்னும் வீசவில்லை.

கிடைக்கும் ஸ்கிமாட்டிக் சில சமயம் நம் கையில் இருக்கும் போர்டின் ஸ்கிமாட்டிக்காக இருப்பதில்லை. ஒரே போர்டு, முந்தைய பதிப்பு. அதில் இருக்கும் ரெசிஸ்டர் இதில் இல்லை, இதில் இருப்பது அதில் வேறு பக்கம். தமிழ் படித்தவளுக்கு இது பழகிய வீடுதான். இதற்குப் பெயர் பாடபேதம். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க உ.வே.சாமிநாதையர் ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுப் பார்த்த கதையை ஒரு நாள் டீ வேளையில் இந்தியில் சொன்னேன். ஏடு செல்லரித்துப்போன இடத்தில் என்ன செய்தார் என்று உஸ்தாத் கேட்டார். வேறு பிரதி தேடி அலைந்தார் என்றேன். "ஆமாம், வேறென்ன செய்ய முடியும்" என்றார், தொழில் தெரிந்த இன்னொருவரைப் பற்றிக் கேட்கும் குரலில்.

என் பங்குக்கு நான் செய்ததும் உண்டு. ஒரு போர்டில் 3 வோல்ட், 5 வோல்ட் பிரிவின் சிப்பைப் பையன் ஒருவன் இரண்டு முறை மாற்றிவிட்டான். வோல்டேஜ் இரண்டும் சரியாக வருகின்றன. ஆனால் 'பவர் குட்' காலில் பூஜ்யம். சிப் டூப்ளிகேட் என்று முடிவுகட்டி மூன்றாவதற்கு ஆர்டர் கொடுக்கப் போனான். டேட்டா ஷீட்டில் அந்தக் காலைப் பற்றி இரண்டே வார்த்தை இருந்தது, 'ஓப்பன் டிரெயின்' என்று. இதை இந்தியில் எப்படிச் சொல்வது? 'திறந்த வடிகால்' என்று மொழிபெயர்த்தால் தில்லி மாநகராட்சிதான் நினைவுக்கு வரும். அடுத்த நான்கு பக்கங்களைப் படித்துவிட்டுச் சொன்னேன்: "இந்தக் கால் தானாக வோல்டேஜ் தராது. கீழே இழுக்க மட்டும்தான் அதற்குத் தெரியும். எல்லாம் சரியாக இருந்தால் பிடியை விட்டுவிடும். பிடி விட்ட பிறகு மேலே தூக்குவதற்கு வெளியிலிருந்து ஒரு ரெசிஸ்டர் வேண்டும்." உஸ்தாத் மைக்ராஸ்கோப்பைத் திருப்பினார். அந்த ரெசிஸ்டர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெற்றுப் புள்ளிகள் மட்டும். எந்தக் கடையிலோ யாரோ சூடு காட்டும்போது பறந்துவிட்டிருக்கிறது. நான் மொழிபெயர்த்த ஏதாவதொன்று பத்து நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

கலைச்சொல் பற்றி ஒரு வார்த்தை. கெபாசிட்டருக்கு மின்தேக்கி, ரெசிஸ்டருக்கு மின்தடை, காயிலுக்கு மின்தூண்டி என்று நம் பாடப்புத்தகங்களில் நல்ல சொற்கள் இருக்கின்றன. ஏரியும் கண்மாயும் தெரிந்தவனுக்குத் தேக்கி என்றால் விளக்கமே வேண்டாம். வரும் மின்சாரம் தள்ளாடினாலும் போகும் மின்சாரம் தள்ளாடாமல் இருக்கக் கொஞ்சம் தேக்கி வைத்துக்கொள்வதுதான் அதன் வேலை. இருந்தும் சென்னை ரிச்சி தெருவிலும் 'கெபாசிட்டர் ஷார்ட்' என்றுதான் பேசுகிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. வருத்தம், தமிழில் புத்தகம் எழுதுகிறவர்கள் அந்தத் தெருவுக்குப் போய் ஒரு மதியம் உட்கார்ந்ததாகத் தெரியவில்லை என்பதுதான்.

இந்தத் தொழிலில் அழுக்கும் உண்டு. 2008இல் என்விடியா கம்பெனி, தன் லேப்டாப் கிராஃபிக்ஸ் சிப்புகள் சிலவற்றில் பழுது வழக்கத்தைவிட அதிகம் என்று தானே ஒப்புக்கொண்டது. அந்த மாதிரி சிப்புகளுக்கு ஊர் ஊராக நடந்த வைத்தியம், ஹாட் ஏர் காட்டிச் சூடுபடுத்துவது. திரை வந்துவிடும். வாடிக்கையாளர் சந்தோஷமாகப் பணம் கொடுத்துவிட்டுப் போவார். சில வாரத்தில் மறுபடி இருட்டு. கோளாறு சிப்பின் வயிற்றுக்குள். சூடு அதைக் கொஞ்ச நாள் அமுக்கிவைக்கும், அவ்வளவுதான். இன்றும் சூடு காட்டிக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதிலும் 2006 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் ஈயத்துக்குத் தடை போட்ட பிறகு, போர்டுகளில் ஈயமில்லாத சால்டர் வந்தது. பழைய ஈயக் கலவை 183 டிகிரியில் உருகும். இது 217ஐத் தாண்ட வேண்டும். கூடுதல் சூட்டில் பக்கத்தில் இருப்பதும் வெந்துபோகும். உஸ்தாத் கடையில் சூடு வைத்தியம் கிடையாது. "ஆகாது" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். திருப்பிக் கொடுக்கும்போது கூலி கிடையாது. மாத முடிவில் வாடகை கொடுக்கச் சிரமப்படுகிறவர் இப்படியிருப்பது பக்கத்துக் கடைக்காரர்களுக்கு வேடிக்கை.

சென்ற குளிர்காலத்தில் ஓர் ஆராய்ச்சி மாணவி வந்தார். ஜார்க்கண்டின் கும்லா பக்கம். லேப்டாப் மெலிதான ரகம், யு.எஸ்.பி.-சி வழியாகச் சார்ஜ் ஆவது. ஒரு ராத்திரி சார்ஜில் போட்டது காலையில் எழவில்லை. இந்த மாடலில் ஹார்டு டிஸ்க் தனியாகக் கிடையாது. சேமிப்புச் சிப்புகள் போர்டிலேயே ஒட்டப்பட்டவை. உள்ளே இருப்பது சங்கேதமாக்கப்பட்டது. அதைத் திறக்கும் சாவியும் அதே போர்டில். சிப்பைப் பெயர்த்து வேறு இடத்தில் படிக்க வழியில்லை. சர்வீஸ் சென்டர் போர்டை மாற்றித் தரத் தயார். டேட்டா போய்விடும், கையெழுத்துப் போடுங்கள் என்றார்களாம். போர்டு உயிர் பெற்றால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும்.

உள்ளே இருந்தது இரண்டு ஆண்டுக் களப்பணி. கிழவிகள் குடுக் மொழியில் சொன்ன கதைகள், சுமார் 60 மணி நேரம். அதில் பாதி அவருடைய பாட்டி சொன்னது. பாட்டி செப்டம்பரில் இறந்துவிட்டார். "இன்னொரு காப்பி?" என்று கேட்க வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். குடுக், ஓராவ் மக்களின் மொழி. திராவிட மொழிக் குடும்பத்தில் வடக்கே ஒதுங்கிய கிளை. எம்.ஏ.யில் ஒப்பிலக்கணத் தாளில் பக்கம் பக்கமாகப் படித்திருந்தேன். பேசுகிறவர் ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.

யு.எஸ்.பி. மீட்டரில் 5 வோல்ட் காட்டியது. சரியாக இருந்தால் சார்ஜரும் போர்டும் பேசிக்கொண்டு 20க்கு ஏற வேண்டும். ஏறவில்லை. போர்டு முழுவதுக்கும் உணவு போகும் பிரதான பாதையில் மீட்டரை வைத்தால் தரைக்கும் அதற்கும் நடுவே 0.4 ஓம். ஷார்ட். அந்தப் பாதையில் கெபாசிட்டர்கள் மட்டும் நாற்பதுக்கு மேல், சில ரவை மணி அளவு. எல்லாம் இணையாக இருப்பதால் ஒன்று செத்தாலும் நாற்பதும் செத்த மாதிரிதான் மீட்டர் சொல்லும்.

இதற்கு வழி, சிறிய வோல்டேஜை உள்ளே செலுத்துவது. செத்தது எதுவோ அது சூடாகிக் காட்டிக்கொடுக்கும். ஆனால் பயம் ஒன்று உண்டு. பிரதான பாதையிலிருந்து பிராசஸருக்கு ஒரு வோல்டாகக் குறைத்துத் தரும் மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகியிருந்தால், நாம் செலுத்துவது நேராகப் பிராசஸருக்குள் போகும். போனால் எல்லாம் போயிற்று. உஸ்தாதுக்கு இரண்டு கண்ணிலும் புரை. மைக்ராஸ்கோப்பில் பெரிய சிப்புகள் தெரியும், சின்னப் புள்ளிகள் தெரியாது. பையன்களில் கை நிதானமானவன் ஊருக்குப் போயிருந்தான். மைக்ராஸ்கோப்பில் நான் உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டே வந்தார்.

பிராசஸர் காயிலுக்கும் தரைக்கும் எவ்வளவு? 3 ஓம். புதிதாக வருகிறவர்கள் இதையும் ஷார்ட் என்று நினைப்பார்கள். பிராசஸருக்கு அது இயல்பு. பிரதான பாதைக்கும் பிராசஸர் காயிலுக்கும் நடுவே? மூன்றுக்குக் கொஞ்சம் மேல். பூஜ்யம் இல்லை. மாஸ்ஃபெட் உயிரோடு இருக்கிறது. "இன்னொரு தடவை வையுங்கள்" என்றார். அதே எண். "இன்னொரு தடவை." மாணவி எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார்.

போர்டின் மேல் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தடவி, ஒரு வோல்ட் செலுத்தினோம். ஆம்பியர் 2.4. ஈரப் போர்வை மெல்ல உலரத் தொடங்கியது. சார்ஜிங் சிப்புக்குக் கீழே, வரிசையில் மூன்றாவது கெபாசிட்டரைச் சுற்றி மட்டும் ஆல்கஹால் வட்டமாக விலகி ஓடியது. மறுபடி தடவினேன். மறுபடி அதே இடம். வெளியே பார்த்தால் விரிசல்கூட இல்லை. ஹாட் ஏர் காட்டி எடுத்தேன். பாதையில் மீட்டரை வைத்தால் ஓம் கணக்கு ஆயிரங்களில் ஏறிக்கொண்டு போனது. யு.எஸ்.பி. மீட்டர் 5 காட்டி, யோசித்து, 20க்குத் தாவியது. திரை வர ஒரு நிமிடம் ஆனது. அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம்.

முதலில் செய்த காரியம், இரண்டு தனித்தனி ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்தது. ஒன்றரை மணி நேரம். சரியாக வந்திருக்கிறதா என்று மாணவி ஒரு ஃபைலைத் திறந்தார். கிழக்குரல், பின்னால் சேவல் கூவுகிறது. வேகமாகப் போன பேச்சில் 'ஏன்' என்று ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. குடுக்கில் அதற்கு 'நான்' என்று பொருள். வந்தேன், போனேன் என்று நாம் வினையின் வாலில் மட்டும் வைத்திருக்கிறோமே, அந்த ஏன். 'நீன்' என்றால் நீ. உஸ்தாத், "தீதி, இது உங்கள் மதராஸ் பாஷையா?" என்றார். சித்தப்பா வீடு, ரொம்ப காலத்துக்கு முன்னால் பிரிந்து போனவர்கள் என்றேன். மாணவி அழுதுகொண்டே சிரித்தார்.

அந்த ஒரு கெபாசிட்டர் இல்லாமலும் போர்டு ஓடும். இருந்தாலும் குப்பை போர்டிலிருந்து அதே மதிப்பில் ஒன்றைப் பெயர்த்து வைத்தேன். பில் 2,500 ரூபாய் என்றார் உஸ்தாத். மாணவி கூடுதலாகக் கொடுக்கப் பார்த்தார். வாங்கவில்லை. எல்லாம் இப்படி முடிவதில்லை. அதற்கு அடுத்த வாரமே வந்த ஒரு போர்டில் நாங்கள் பயந்த அந்த மாஸ்ஃபெட்தான் போயிருந்தது. 19 வோல்ட் பிராசஸருக்குள் பாய்ந்து முடிந்துவிட்டது. கல்யாணப் படங்கள் இருந்தனவாம். காப்பி இல்லை. உஸ்தாத் "ஆகாது" என்று சொல்ல, நான் போர்டைத் திரும்ப மூடி எட்டு ஸ்க்ரூவையும் போட்டுக் கொடுத்தேன்.

மொழிபெயர்ப்பை விட்டுவிட்டாயா என்று கேட்கும் நண்பர்களுக்கு: இல்லை. காலையில் அது, மதியம் இது. இப்போதைக்கு இரண்டும் சேர்ந்தால்தான் வாடகை வருகிறது. பையன்களுக்காக இதுவரை பதினேழு டேட்டா ஷீட்டுகளின் முக்கியப் பக்கங்களை இந்தியில் எழுதி, லேமினேட் செய்து சுவரில் தொங்கவிட்டிருக்கிறேன். ஐந்தைத் தமிழிலும் எழுதிவைத்திருக்கிறேன். யாரும் கேட்கவில்லை, சும்மாதான். உஸ்தாதுக்கு அடுத்த மாதம் ஒரு கண்ணில் ஆபரேஷன், அதற்கடுத்த மாதம் இன்னொன்றில். அதுவரை மைக்ராஸ்கோப் என் பக்கம்.